ஏழுக்கு நான்கு: மலையகத்தைப் பங்கிட்ட ஒப்பந்தம்

1964 ஒக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்பதாக விட்டார்கள். கண்டியைச் சுற்றிய ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அவர்களை நாடற்றவர்களாக்கியது 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கு ஒரு மாதம்கூட ஆகுமுன், டிசம்பர் 10 அன்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டென்று ஐ.நா. பிரகடனம் செய்தது. தோட்டத்து வாக்குகள் கண்டிய மாவட்டங்களின் தேர்தல் முடிவை மாற்றிவிடும் என்ற அச்சமே அந்தச் சட்டத்தின் பின்னணி.

இவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. பிறகு டில்லி ஏன் இறங்கி வந்தது? 1962இல் சீனாவிடம் தோற்ற இந்தியாவுக்கு அயலாரின் நட்பு அவசரமாகத் தேவைப்பட்டது. இலங்கையோ 1952 முதல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிவந்த நாடு. தெற்குக் கடல் பற்றிய டில்லியின் கவலை பொய்யல்ல. ஆனால் அதற்கான விலையைத் தோட்டத்து மக்கள் தலையில் கட்டியது அநியாயம். எண்ணிக்கையை முதலில் முடிவுசெய்துவிட்டு, விருப்பத்தைப் பிறகு விண்ணப்பமாக வாங்கினார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர், இலங்கைக்கு நால்வர் என்ற விகிதத்தில், ஒருவருடைய குடியுரிமை இன்னொருவருடைய புறப்பாட்டோடு முடிச்சுப் போடப்பட்டது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டு வாங்கியவர்கள் கோச்சியேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனார்கள். பலருக்கு அது பார்த்தேயிராத நாடு. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடி தேயிலைதான் காத்திருந்தது.

கொடுத்த விலைக்கு நட்பாவது நிலைத்ததா? 1971இல், இந்திய வான்வழி மூடப்பட்டிருந்தபோது, பாகிஸ்தான் விமானங்கள் எரிபொருள் நிரப்பக் கொழும்பு இடம் கொடுத்தது. அப்படியிருந்தும் 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் அந்த ஒன்றரை இலட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையிலிருந்தும் போகமுடியாதவர்கள் லயங்களிலேயே தங்கிப்போனார்கள். வாக்கு அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் இந்நாட்டுப் பிரஜைகளே என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 2003இல்தான்.