கோடைக் காலத்தில் மலைத்தோட்டத்தைத் தீயினின்று காத்தல்

கண்டிப் பகுதிக் கமக்காரர்களுக்கு,

கராம்புக் கன்று காய்ப்பதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் செல்லும். மிளகுக் கொடியும் மூன்றாம் ஆண்டளவிலேயே பலன் காட்டத் தொடங்கும். இவ்வாறு பல்லாண்டு உழைப்பால் உருவான தோட்டத்தை அழிக்கத் தீக்கு ஒரு பிற்பகல் போதும். ஆதலின் தீ வந்தபின் அணைப்பதைவிட, வருமுன் தடுப்பதே அறிவுடைமையாகும்.

தீ உண்டாகும் காலமும் காரணமும்

கண்டி நகரையும் ஹந்தானையையும் சூழ்ந்த இடங்களில் தை முதல் பங்குனி வரை வறட்சி மிகும். நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவுகளில், தென்மேல் பருவக்காற்று ஈரமிழந்து வரண்டு வீசும் ஆனி முதல் ஆவணி வரையே ஆபத்து அதிகம்.

நம் மலைகளில் தீ தானாக உண்டாவது அரிது. மாட்டுக்கு இளம்புல் வேண்டிப் பத்தனைகளைக் கொளுத்துதல், சருகெரித்தல், அணையாத பீடித் துண்டை எறிதல் என்பனவே பெரும்பாலும் காரணங்களாம். மானாவும் இலுக்கும் தீயால் அழிவதில்லை. நிலத்தடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். அழிவன மரக்கன்றுகளே. எனவே ஒவ்வொரு தீயும் அடுத்த தீக்கு வேண்டிய புல்லையே வளர்க்கின்றது. 1970களிலும் 1980களிலும் நடப்பட்ட பைனஸ் தோப்புகளின் ஊசியிலைச் சருகு எளிதில் மக்காது. பிசின் உள்ளமையால் விரைந்து எரியும். அத்தோப்புகளை அடுத்து நிலமுடையோர் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. வறட்சி தொடங்குமுன் தோட்ட எல்லையில் 15 முதல் 20 அடி அகலத்துக்குத் தீத்தடைப் பாதை அமைத்துக்கொள்க. தீ மேட்டை நோக்கி விரைந்தேறும் இயல்புடையது. ஆதலின் பள்ளப்புற எல்லையை முதலிற் கவனிக்க.

2. பாதையைச் சமவுயரக் கோட்டின் வழியே அமைத்து, மண் தெரியச் செதுக்குக. சரிவு வழியே செதுக்கினால் மழைநீர் அதனை ஓடையாக்கி மேல்மண்ணைக் கொண்டுபோகும். அவ்விடங்களில் புல்லை அடியொட்ட அறுத்து அகற்றினால் போதும், வேரைக் கிளறற்க.

3. பாதையின் உட்புறத்தில் வாழையை நெருக்கமாக நட்டு, காய்ந்த இலைகளை அவ்வப்போது களைக. கிளிறிசீடியா வேலியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. கோடையில் அது இலையுதிர்த்துச் சருகைச் சேர்க்கும்.

4. பயிருக்கு மூடாக்கு இடுமாறு நாமே கூறிவருகின்றோம். ஆயினும் எல்லையோரம் பத்தடிக்குள் உள்ள மூடாக்கைக் கோடையில் உள்ளே நகர்த்துக. குப்பைகளை எரியாது கூட்டெரு ஆக்குக.

5. அயலவருடன் கூடிப் பாதை அமைப்பது நன்று. ஒருவர் நிலம் மட்டும் துப்புரவாயிருப்பின் பயன் சிறிதே.

தீ கண்டபோது

உடனே 110 அல்லது 117 என்னும் இலக்கத்துக்கு அறிவித்துக் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுக. தீக்கு மேற்புறச் சரிவில் ஒருபோதும் நிற்கற்க. காட்டுக்குத் தீ வைத்தல் சட்டப்படி குற்றம். ஹந்தானை 2010ஆம் ஆண்டிலேயே சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

தீக்குப் பின்

எரிந்த நிலத்தைக் கொத்தற்க. சித்திரை மழைக்கு முன் வெட்டிய கிளைகளையும் கற்களையும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக இட்டு மண்ணைத் தடுக்க. கருகிய மரத்தையும் அவசரப்பட்டுத் தறிக்காது, பட்டையை நகத்தாற் கீறிப் பார்க்க; உள்ளே பச்சை தெரிந்தால் அது பிழைத்தல் கூடும்.

மலைமேல் உள்ள மண்ணே கீழுள்ள வயலுக்கும் கிணற்றுக்கும் நீரைத் தேக்கித் தருவது. உமது எல்லையில் நிறுத்தப்படும் தீ, உமது தோட்டத்தோடு அயலவர் தோட்டத்தையும் காக்கும். பாதை அமைக்கும் இடம்பற்றி ஐயம் எழின், உமது பகுதி விவசாயப் போதனாசிரியரை மழை ஓயுமுன்னரே அழைத்துக் காட்டுக.