மடிக்கணினியின் தொடக்க மயக்கம்

எமரால்டு முதலிய நீலகிரி மலையூர்களில் உறைபனிக் காலத்தே மடிக்கணினி ஒருநாள் செவ்வனே எழுவதும், மறுநாள் தொடக்கத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. அதற்குரிய காரணத்தை ஆராயும் முறையைச் சுருக்கமாகக் கூறுவாம்.

குளிர்ந்த கருவியை வெப்பமுள்ள அறைக்குள் கொணர்ந்தால், காற்றிலுள்ள நீராவி அதன்மீது துளியாய்ப் படியும். ஆதலின் அறைச்சூடு பெறுமளவும் அதனை உறையோடே வைத்திருந்து, பின்னரே இயக்குதல் வேண்டும். அதன்பின்னும் பிழை நீங்காவிடின், எழுந்த வேளையிலேயே கோப்புகளை வேறிடத்துப் படியெடுத்துக் கொள்க. ஓராண்டின் உழைப்பு அதனுள் அடங்கியிருக்கலாமன்றோ? அடுத்து, புறத்தே இணைத்தவற்றைக் கழற்றிவிட்டு, நினைவகச் சோதனையை இரவு முழுதும் நடத்துக. நினைவகப் பலகை தளர்ந்திருத்தலும் இத்தகைய மயக்கத்திற்குக் காரணமாகும்.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றுவோன் பிழை நீங்கினும் காரணம் அறியான். ஒருநாள் எழுந்தமை கொண்டு குணமாயிற்றெனத் துணியாது, பல குளிர்காலைகளில் தொடங்கிப் பார்த்தே முடிவு செய்தல் தகும் என்பது நம் கருத்து.