ஓடும் ரெயிலில் "லைன்" அறுந்து போவது ஏன்? 64 ஏரியலை ஏமாற்றும் 4 சென்டிமீட்டர்!

"ஹலோ... ஹலோ... கேக்குதா? ரெயில்ல வந்துகிட்டு இருக்கேன்... ஹலோ!"

கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயிலில் தினமும் கேட்கும் குரல் இது. ஸ்டேஷனில் நன்றாக பேசியவர், ரெயில் வேகம் எடுத்ததும் போனை எடுத்து எடுத்து பார்க்கிறார். கோடுகள் முழுசாக நிற்கின்றன. பேச்சைத்தான் காணோம். பக்கத்தில் இருப்பவர் மளிகை கடைக்கு அனுப்பிய பணம் போச்சா, இல்லையா? சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"டவர் சரியில்லே" என்று திட்டுகிறோம். கூட்டம், இரும்பு பெட்டி, கோபுரம் விட்டு கோபுரம் மாறுவது என்று காரணம் பல உண்டு. ஆனால் கோபுரம் பக்கத்திலேயே இருந்தும் லைன் திணறுவதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. ஆள் ஓரிடத்தில் நிற்பது இல்லை!

டார்ச் லைட்

பழைய கோபுரம் தெருவிளக்கு மாதிரி. சுற்றிலும் வெளிச்சம் போடும். 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த 5ஜி-யில் பல கோபுரங்களில் பலகை போன்ற பெட்டி தொங்குகிறது. சில பெட்டிகளில் 64 அலைவழிகள் வரை உண்டு. இது டார்ச் லைட் மாதிரி. யாருக்கு வேண்டுமோ அவர் பக்கம் அலையை குவிக்கும். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பல பேருக்கு தனித்தனியாக அனுப்பும்.

பல ஏரியல் வித்தைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நம்ம பொள்ளாச்சிக்காரர்! பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். கடற்படையில் சோனார் கருவி உருவாக்கியவர். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் போனார். பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் காப்புரிமைக்கு மனு போட்டார். 1994-ல் கிடைத்தது. 2014-ல் மார்க்கோனி பரிசும் பெற்றார்.

பழைய விலாசம்

டார்ச் அடிக்க ஆள் இருக்கும் இடம் தெரிய வேண்டாமா? அதற்காக போன் அவ்வப்போது ஒரு அடையாள சிக்னல் அனுப்புகிறது. கோபுரம் அதை அளந்து, அலையை குறி வைக்கிறது.

இங்கேதான் சிக்கல். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8½ சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது 4 சென்டிமீட்டர் நகர்ந்தாலே எடுத்த அளவு மாறிவிடும். கட்டிடங்களில் பட்டு வரும் எதிரொலிகள் ஓரிடத்தில் கூடும், அடுத்த இடத்தில் கழியும்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரெயில் அந்த 4 சென்டிமீட்டரை தாண்ட ஒரு வினாடியில் 500-ல் ஒரு பங்கு போதும்! கொஞ்சம் பழைய அளவை வைத்து அனுப்பினால், காலி செய்த வீட்டுக்கு தபால் போட்ட கதைதான். போதாக்குறைக்கு, குறி தப்பிய அலை அடுத்தவர் போனில் இரைச்சலாக விழும்.

கோடுகள் முழுசாக நிற்கிறதே என்றால், அவை காட்டுவது ஊருக்கு பொதுவாக வீசும் சிக்னலை. உங்களுக்காக குவித்த அலையை அல்ல.

தராசு பார்க்கும் கடை

அடிக்கடி அளந்தால் என்ன? அளக்கும் நேரத்தில் தகவல் அனுப்ப முடியாதே! வியாபாரத்தை விட்டு தராசையே சரிபார்த்துக்கொண்டு இருக்கும் கடை ஆகிவிடும்.

அதனால் வேகமாக போகிறவருக்கு டார்ச்சை அகலமாக்குகிறார்கள். ஒரே தகவலை பல ஏரியல் வழியாக மாற்றி மாற்றி அனுப்பினால், ஆள் இருக்கும் இடம் துல்லியமாக தெரியாவிட்டாலும் ஒன்று போய் சேரும். வேகம் குறையும். லைன் நிற்கும். ஆள் அடுத்து எங்கே இருப்பார் என்று முன்கூட்டி கணிக்கும் முறைகளும் உண்டு.

சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் செய்தது சுவாரசியமானது. வண்டி கூரையில் முன்னே ஒரு ஏரியல், பின்னே ஒரு ஏரியல். முன்னது போகிற இடத்துக்குத்தானே பின்னதும் வரும்? முன்னது அளந்து சொல்ல, பின்னது வரும்போது அலை தயாராக இருக்கும்!

ரெயிலில் சினிமா பார்ப்பவருக்கு படம் நின்றால் எரிச்சலோடு போகும். ஓடும் ஆம்புலன்சில் இருந்து இதய துடிப்பு படம் டாக்டருக்கு போகும்போது நின்றால்? இப்படிப்பட்ட அவசர தகவலுக்கு முதல் இடம் கொடுக்கவும் 5ஜி-யில் வழி இருக்கிறது.

மின்சார ரெயிலில் பணம் அனுப்புகிறவர்கள், வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது அனுப்புவது நல்லது. சக்கரம் சுற்றினால் உடனே மறுபடியும் அனுப்பாமல், முதலில் கணக்கில் பணம் குறைந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.