கிழட்டுக் காருக்கு மறுபிறவி!

வீட்டுக் கொட்டகையிலேயே என்ஜினுக்கு வைத்தியம்

கார் மேடு ஏற மறுக்கிறது. எண்ணெயைக் குடிக்கிறது. பின்னால் நீலப் புகை விடுகிறது.

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை இது.

அம்பாசிடரைத் தெரியாதவர் உண்டா? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாக வைத்துச் செய்த வண்டி அது. கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. மந்திரியும் அதில் போனார். வாடகைக் காராகவும் அதுவே ஓடியது. 2014-ம் ஆண்டில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே, இருக்கும் வண்டியைத்தான் காப்பாற்ற வேண்டும்.

முடியுமா? முடியும்! பொறுமையும் சுத்தமும் வேண்டும்.

நீலப் புகை ஏன்?

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் 4 சிலிண்டர்கள். கொள்ளளவு 1,489 சி.சி. நிமிஷத்துக்கு 3 ஆயிரம் சுற்று ஓடினால், ஒவ்வொரு பிஸ்டனும் 3 ஆயிரம் தடவை மேலே போய், 3 ஆயிரம் தடவை கீழே வருகிறது. இரும்பானாலும் தேயாமல் இருக்குமா?

பிஸ்டனைச் சுற்றி மோதிரம் போல ரிங்குகள் உண்டு. கீழே இருக்கும் எண்ணெய் மேலே ஏறாமல் தடுப்பவை அவைதான். அவை தேய்ந்தால் எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. அதுவே நீலப் புகை.

முதலில் சோதனை

பிரிப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை வைத்து என்ஜினைச் சுழற்றுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் பாருங்கள்.

அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ, ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. அப்படியானால் சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். பெருஞ்செலவு மிச்சம்!

ஜோடி மாறக்கூடாது

பேட்டரி இணைப்பை எடுங்கள். தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிடுங்கள். செயின் பிளாக் கட்டி என்ஜினைத் தூக்குங்கள். அதைக் கொட்டகையின் பழைய மரச் சட்டத்தில் மாட்டாதீர்கள். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையை நீட்டாதீர்கள்.

கனெக்டிங் ராடுக்கும் அதன் மூடிக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துக் கடைந்திருப்பார்கள். 1-ம் எண் மூடியை 3-ம் எண் ராடில் போட்டால் பேரிங் சரியாக உட்காராது. செய்த வேலை எல்லாம் பாழ்! எண் குறித்து வரிசையாக வையுங்கள். நட்டு, போல்ட்டுகளை டப்பாக்களில் போட்டுச் சீட்டு ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அழகாகச் செய்வார்கள்.

லேத் பட்டறைக்குப் போகும் வேலை

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. சிலிண்டரின் மேல்பகுதிதான் அதிகம் தேயும். வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். அதை மறுபடி வட்டமாகக் கடைவது பட்டறைக்காரர் வேலை. துளை பெரிதாவதால் 'ஓவர்சைஸ்' பிஸ்டன் போட வேண்டும். அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 20 கூறு கூடுதல் என்பார்கள். அது அரை மில்லிமீட்டர்தான்!

பிஸ்டன் கைக்கு வந்த பிறகே துளையைக் கடையச் சொல்லுங்கள். கடைந்த பின் அந்த அளவு பிஸ்டன் கிடைக்காவிட்டால் திண்டாட்டம்தான். பிளாக்கில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு பெரிதானால் மேற்கொண்டு அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பூட்டும்போது...

ஒரு மணல் துகள் போதும், புதுப் பேரிங்கைக் கெடுக்க. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிப் பூட்டுங்கள்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். சுமார் கால் மில்லிமீட்டர் இருக்கும். இடைவெளியே இல்லாவிட்டால், சூட்டில் ரிங் நீண்டு, முனைகள் முட்டி உடைந்துவிடும். ஹெட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

முதல் உறுமல்

எடுத்த எடுப்பில் கிளப்பாதீர்கள். பிளக் இல்லாமல் சிறிது நேரம் சுழற்றினால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும். முன்பக்கம் கம்பி போடும் துளை உள்ள வண்டியானால் கையாலேயே சுழற்றலாம்.

கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட்டவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்! வண்டியை வெளியே தள்ளிக் கிளப்புங்கள்.

முதல் 800 கிலோமீட்டர் வரை விரட்டாமல் ஓட்டுங்கள். பிறகு எண்ணெயை மாற்றுங்கள்.

இன்னொன்று. சொந்த என்ஜினையே புதுப்பித்தால் அதன் எண் மாறாது. வேறு என்ஜின் வாங்கிப் பொருத்தினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். மறந்தால், விற்கும்போது வம்பு வரும்.

வேலை முடியச் சில வாரங்கள் ஆகலாம். ஆகட்டுமே! அப்பா ஓட்டிய கார் மகன் கையில் மறுபடி மேடு ஏறும்போது, அந்தப் பாடெல்லாம் மறந்துபோகும்.