துறைமுக நகரில் பயிற்சி தேடும் மாணாக்கர்

கொச்சி நகரின் ஒரு பகுதியாகிய மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவே வளர்ந்த ரசாயன மாணவி ஒருத்தி, பட்டப் படிப்பின் இடையில் பயிற்சிக்கு இடம் தேடுகிறாள் என்று கொள்வோம். அவள் உள்ளம் முதலில் பெங்களூரையும் சென்னையையுமே நாடும். இருபது நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தைப் படியெடுத்து அனுப்புவாள். பெரும்பாலும் மறுமொழி வாராது.

இன்டர்ன்ஷிப் என வழங்கும் இப்பயிற்சி, முன்னர் விரும்பியோர் மட்டும் மேற்கொண்டதாகும். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024-ஆம் ஆண்டில் நான்காண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியபின் அது பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. முன்பு சிலர் தட்டிய கதவை இப்பொழுது வகுப்பு முழுவதும் தட்டுகிறது. இதனால் விளையும் இடர் யாவருக்கும் சமமன்று. தொழிற்சாலையில் உறவினர் உள்ளவனுக்கு ஒரு தொலைபேசிச் சொல் போதும். எவரையும் அறியாத மாணவியோ, பணம் பெற்றுக்கொண்டு வெறும் சான்றிதழை அச்சிட்டுத் தருவோரிடம் போய்ச் சேர நேரிடுகிறது. அத்தகைய சான்றிதழைக் கொண்டு ஒரு துளி அமிலத்தையேனும் அளக்கக் கற்றவர் எவரும் இலர்.

இத்தனைக்கும் அவள் தேடும் சோதனைச்சாலைகள் தொலைவில் இல்லை. மட்டாஞ்சேரிக்கு எதிரே, உப்பங்கழியின் மறுபுறத்தில் வில்லிங்டன் தீவு அமைந்துள்ளது. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அகழ்ந்த மண்ணால் உருவான தீவு இது. மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் 1957-ஆம் ஆண்டு முதல் கொச்சியில் பணியாற்றி வருகிறது; அதன் சோதனைச்சாலைகள் இத்தீவிலேயே உள்ளன. 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-இல் தன் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. தேசியக் கடலியல் நிறுவனத்தின் வட்டார மையமும், நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமை அலுவலகமும் இந்நகரில் உள்ளன. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் நீர்வழி மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டபின் போக்குவரத்தும் எளிதாயிற்று.

அங்கே கற்பதற்கு என்ன உண்டு? மிளகையே எடுத்துக்கொள்வோம். வணிகர் ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டித் தரம் சொல்வார். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகை நிரப்பி எடை காண்பது அடுத்த படி. எடை மிகுந்தால் மணி திரண்டது, குறைந்தால் பொக்கு மிகுதி. சோதனைச்சாலையிலோ, டொலுயீனுடன் காய்ச்சி வடித்து ஈரத்தின் அளவு காணப்படுகிறது. கிளெவெஞ்சர் கருவியில் நீருடன் கொதிக்கவைத்து மண எண்ணெய் பிரிக்கப்படுகிறது. காரத்திற்குக் காரணமாகிய பைப்பரின், நிறமாலை ஒளிமானியால் அளக்கப்படுகிறது. முதல் இரண்டையும் ஓர் இளநிலை மாணவி சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே கடிதத்தில், "ஏதேனும் பயிற்சி அளிக்க வேண்டுகிறேன்" என்று எழுதுதல் பயனற்றது. அதைப் பெறும் விஞ்ஞானிக்கு அவளை எந்த மேசையருகே நிறுத்துவது என்பது விளங்காது. "மண எண்ணெய் பிரித்தலைக் கற்க விரும்புகிறேன், கல்லூரியில் காய்ச்சி வடித்தலும் தரம் பார்த்தலும் செய்துள்ளேன், ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஆறு வாரம் வர இயலும்" என்று எழுதினால், முடியும் அல்லது முடியாது என்றேனும் விடை கூற இயலும். துறைத் தலைவரின் பரிந்துரையும் உடன் செல்லவேண்டும். இது ஆசிரியர் செய்யவேண்டிய பணி. மார்ச் மாதத்தில் விழித்தெழுவது தாமதமாகும். இந்தியாவின் மூன்று விஞ்ஞான அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு, முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே விண்ணப்பங்கள் கோரப்படுவது வழக்கம்.

மற்றொரு குழப்பத்தையும் இங்கே நீக்குதல் நலம். 2024-இல் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையுடன் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிற்சித் திட்டத்தைக் கேள்வியுற்று மாணாக்கர் பலர் ஆவலுறுகின்றனர். தொடக்க விதிகளின்படி அது 21 முதல் 24 வயது வரையுள்ளோருக்கு உரியது. அவ்விதிகளின்படி முழுநேரக் கல்லூரி மாணாக்கர் அதில் சேர இயலவில்லை. மாறாக, ஆராய்ச்சி நிலையங்கள் சில, பயிற்சிக்கு வருவோரிடமே கட்டணம் பெறுகின்றன. அதை முன்னதாகக் கேட்டறிந்து, இயலாதோருக்குக் கல்லூரி நிதியிலிருந்து உதவ வழியுண்டா என ஆசிரியர்கள் ஆராய்தல் வேண்டும்.

சோதனைச்சாலையில் இடம் கிடையாதவர்க்குக் களம் உண்டு. தோப்பும்படியிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகள் வந்திறங்குகின்றன. எந்தப் படகு, எவ்வகை வலை, எந்த இனம், எத்தனை கிலோகிராம் என்று மாதிரி முறையில் பதிவு செய்தே நாட்டின் கடல் மீன் உற்பத்தி மதிப்பிடப்படுகிறது. இப்பணியில் ஈடுபட்டுள்ள களப்பணியாளர், முன் அனுமதி பெற்று ஒரு மாணவரை ஆறு வாரம் தம்முடன் அழைத்துச் செல்வாராயின், மாணவர் மீனினங்களை இனங்காணவும் மாதிரி எடுக்கவும் கற்பார். வேண்டுவன ஒரு குறிப்பேடு, ஒரு அளவுகோல், அதிகாலையில் எழும் பழக்கம் ஆகியவையே.

அகாதமிகளின் கோடைக்காலப் பயிற்சி மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று, ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். கொச்சி நிலையங்களில் ஒரு கோடையைக் கழித்த ஆசிரியருக்கு, அடுத்த ஆண்டு எந்த மாணவியை எந்த மேசைக்கு அனுப்பலாம் என்பது பிறர் சொல்லாமலே தெரிந்திருக்கும்.