அலமாரி வட்டுகளைக் காப்போம்!

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழுள்ள அலமாரியைத் திறந்து பாருங்கள். திருமணம், மஞ்சள் நீராட்டு, தைப்பூசக் காவடி என்று கையால் எழுதிய டிவிடி வட்டுகள் தூசு படிந்து கிடக்கும். அவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

எங்கள் வீட்டிலும் ஒரு வட்டு உண்டு. 2006-இல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த கடைசித் திருவிழா அது. பிறகு தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அதில் தாத்தா உடுக்கை அடித்துப் பாடுகிறார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. சென்ற தீபாவளிக்குப் பாட்டி கேட்டாரே என்று போட்டோம். பாடலின் நடுவில் படம் கட்டங்கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது.

காரணம் என்ன? கடையில் விற்கும் திரைப்பட வட்டில் தரவு அச்சாக அழுத்தப்பட்டிருக்கும். நாம் எழுதும் வட்டிலோ அது சாயப் படலத்தில் லேசர் கதிரால் பதிகிறது. வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் சாயத்துக்குப் பகை. நம் நாட்டில் மூன்றுக்கும் குறைவில்லை!

மாற்றும் முறை எளிது. வட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். மடிக்கணினியில் வட்டு இயக்கி இல்லையென்றால் யூஎஸ்பி இயக்கியை இணைத்து, 'வீடியோ டிஎஸ்' கோப்புறையை முழுமையாக நகலெடுங்கள். ஓரடுக்கு வட்டில் அதிகம் போனால் 4.7 ஜிபி இருக்கும். பின்னர் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அக்கோப்புறையைத் திறந்து, எச்.264 முறையில் எம்பி4 கோப்பாக மாற்றுங்கள். நம் நாட்டு டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள். அதைப் பெரிதாக்கினால் கோப்புதான் பெருக்கும், தெளிவு கூடாது. அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால் 'டீஇன்டர்லேஸ்' தெரிவை இயக்குங்கள். கோப்பை விரலியில் ஏற்றித் தொலைக்காட்சியில் செருகினால் போதும். ஃபேட்32 முறையில் அமைந்த விரலி 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதை மறவாதீர்கள்.

இவை நாமே எடுத்த பதிவுகளுக்கான வழிகள். திரைப்பட வட்டுகளுக்குப் பூட்டும் பதிப்புரிமையும் உண்டு.

ஓர் இயக்கி படிக்க மறுக்கும் வட்டை மற்றோர் இயக்கி படிக்கக்கூடும். நண்பரின் பழைய இயக்கியில் முயன்றோம். தாத்தாவின் மூன்று பாடல்களில் இரண்டு மீண்டன. மூன்றாவது போனது போனதுதான். தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த பாட்டி, விட்ட இடத்திலிருந்து தாமே பாடி முடித்தார். அதையும் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டோம்.

நண்பர்களே, வரும் விடுமுறையில் ஒரு வட்டையாவது மாற்றுங்கள். கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அடுத்த தீபாவளி வரை சாயம் காத்திருக்காது!