குருதி லாக்டேட் அளவீடு: தமனி, சிரை, தந்துகி மாதிரிகள்

லாக்டேட் என்பது உயிரணுக்கள் குளுக்கோசைச் சிதைத்து ஆற்றல் பெறும்போது உருவாகும் பொருளாகும். நலமுள்ளவரின் குருதியில் இது பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் குறைவாக இருக்கும். திசுக்களுக்குப் போதிய ஆக்சிசன் கிடைக்காதபோதும், கல்லீரலால் லாக்டேட்டை விரைந்து நீக்க இயலாதபோதும் இவ்வளவு உயரும். 2016இல் வெளியான வரையறைப்படி, போதிய நீர்மம் ஏற்றிய பின்னரும் குருதியழுத்தத்தைத் தாங்க மருந்து தேவைப்பட்டு, லாக்டேட் 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது செப்டிக் அதிர்ச்சி ஆகும். எனவே, அவசர சிகிச்சைப் பிரிவில் மாதிரியை எங்கிருந்து, எவ்வாறு எடுப்பது என்பது முக்கியமாகிறது.

தமனிக் குருதி

இதுவே ஒப்பீட்டுக்கான அடிப்படை முறையாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் மணிக்கட்டிலுள்ள ஆரைத் தமனியில் ஊசி செலுத்தப்படும். இதற்குப் பயிற்சி தேவை, வலியும் மிகுதி. குருதிக்கசிவு, குருதிக்கட்டு போன்ற சிக்கல்களும் ஏற்படலாம்.

சிரைக் குருதி

பிற பரிசோதனைகளுக்குக் குருதி எடுக்கும்போதே இதையும் எடுக்கலாம். சிரை அளவு, தமனி அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். ஆகவே சிரை அளவு இயல்பாக இருந்தால் தமனி அளவும் இயல்பே எனப் பெரும்பாலும் கொள்ளலாம். அளவு உயர உயர இவ்விரண்டுக்கும் இடையிலான ஒற்றுமை குறைவதால், தேவைப்படின் தமனிக் குருதியில் உறுதிப்படுத்த வேண்டும்.

தந்துகிக் குருதி

விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளியைக் கையடக்கக் கருவியில் இட்டால் சில நொடிகளில் முடிவு கிடைக்கும். ஆனால் அதிர்ச்சி நிலையில் விரல்களுக்குக் குருதியோட்டம் குறைந்துவிடுகிறது. வியர்வையிலும் லாக்டேட் உள்ளதால், தோலைத் துடைக்காமல் எடுத்த துளி பொய்யான உயர்வைக் காட்டக்கூடும்.

பிழைகளைத் தவிர்த்தல்

சிவப்பணுக்களில் இழைமணிகள் இல்லை. அதனால் குருதி குழாய்க்குள் வந்த பின்னும் அவை லாக்டேட்டை உருவாக்கிக்கொண்டே இருக்கும். உடனடியாகச் சோதிக்க முடியாவிடில், இதைத் தடுக்கும் சோடியம் புளோரைடு கலந்த குழாயில் சேகரிக்க வேண்டும். பனிக்கட்டியில் வைப்பதும் உதவும். ரிங்கர் லாக்டேட் ஏற்றப்படும் கையிலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது.

சிகிச்சையின் பலனை அறிய மீண்டும் அளக்கும்போது, முதலில் பயன்படுத்திய முறையையே பின்பற்றுதல் நன்று. இல்லையெனில், முறை மாறியதால் வந்த வேறுபாடு நோயாளி தேறியதாகவோ மோசமடைந்ததாகவோ தவறாகக் கொள்ளப்படலாம்.